வெளியில் விட்ட வேலை

மாலை ஆறு மணிக்கு ஆதன் தன் மனைவியிடம் அன்பாகப் பேசிக்கொண்டிருந்தான். மாத்திரை போட்டாயா என்று கேட்டான். பல்லடம் சாலையில் இருவரும் மழைக்கு ஒதுங்கி நின்ற நாளைச் சொல்லிச் சிரித்தான். அவளும் சிரிப்பதற்குக் கொஞ்சம் இடைவெளி விட்டான்.

அதே ஆறு மணிக்கு ஆதன் நிலவின் தென்முனையில் ஒரு பனிச் சுரங்கத்தின் உடைமாற்றும் அறையில் மண்டியிட்டு உட்கார்ந்து, ஒரு பனியனின் குழாயில் அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தான். மனைவியிடம் தான் என்ன பேசுகிறோம் என்பது அவனுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. அந்த வேலையை வெளியில் விட்டிருந்தான்.

அதில் அதிசயம் ஒன்றுமில்லை. நிலவில் இருந்த எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். நிலவிலிருந்து ஒரு சொல் பூமிக்குப் போய், பதில் திரும்பி வர மூன்று விநாடி ஆகிவிடும். கணவன் மனைவிக்கு நடுவே ஒரு சண்டை மூள மூன்று விநாடி மௌனம் தாராளம். அதனால் நேர்ப்பேச்சை விட்டுவிட்டு, முகமும் குரலும் பதிந்த மடல்களை அனுப்பத் தொடங்கினார்கள். பிறகு மடல் பேசவும் நேரமில்லாமல் போயிற்று. அதற்கு உருவுறை வந்தது. உங்கள் முகத்தையும் குரலையும் ஒருமுறை அதற்குள் பதிந்து வைத்துவிட்டால் போதும். யார் எழுதிக் கொடுத்தாலும் உங்கள் வாயால் அது பேசும்.

எழுதும் வேலையை முதலில் இயந்திரங்களிடம்தான் கொடுத்தார்கள். இரண்டாவது வாரமே மனைவிகள் கண்டுபிடித்துவிட்டார்கள். இயந்திரம் எந்த வாக்கியத்தையும் பாதியில் விடுவதில்லை, சொன்னதையே திரும்பச் சொல்வதில்லை, பிறந்தநாளை மறப்பதில்லை. எந்தப் புருஷன் அப்படி இருப்பான்? ஆகவே மனிதர்கள் மறுபடியும் தேவைப்பட்டார்கள். பூமியில் வீட்டிலிருந்தபடியே பிறருக்காக எழுதிக் கொடுப்பவர்களுக்குச் சொல்லாட்கள் என்று பெயர் வந்தது.

ஆதனுக்கு இது புதிய பழக்கமே அல்ல. அவன் திருப்பூர்க்காரன். சுரங்கக்காரர்களின் விண்ணுடைக்குள் அணியும் குளிர்பனியன் அவனுடைய தொழில். நூலோடு நூலாக மெல்லிய குழாய்களைப் பின்னி, அவற்றில் தண்ணீரை ஓடவிட்டு உடம்பைக் குளிர்விக்கும் பனியன். அதில் அவனுடைய கம்பெனி செய்தது பெயர்ச் சீட்டு ஒட்டியது மட்டும்தான். பின்னல் ஓரிடம், வெட்டு ஓரிடம், தையல் ஓரிடம், பிசிறு வெட்டுவது வேறோர் இடம். எல்லாம் ஜாப் ஒர்க். வாங்கியவர் இன்னொருவரிடம் விடுவார், அவர் மற்றொருவரிடம். யாரிடம் போகிறது என்று யாரும் கேட்பதில்லை. சரக்கு நேரத்துக்குத் திரும்பி வந்தால் சரி. காலையில் நம் கம்பெனியிலிருந்து போன துணி, மத்தியானம் நம் வீட்டுக்கே பிசிறு வெட்ட வந்து நிற்கும் என்று ஊரில் ஒரு கேலி உண்டு.

நிலவுக்கு வந்த பிறகு கணக்கெழுதுவதை வெளியில் விட்டான். பிறகு வாடிக்கையாளரின் புகார்களுக்குப் பதில் சொல்வதை. பிறகு சரக்கு பேரம் பேசுவதை. ஒவ்வொன்றாகக் கை விட்டுப் போகப் போக உடம்பு லேசானது போல இருந்தது. மனைவி நறுமுகைக்கு ரத்தத்தில் நோய் என்று தெரிந்த மாதத்தில்தான் பெரிய ஒப்பந்தம் ஒன்று கைக்கு வந்திருந்தது. மாலை மடலில் அவள் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. அதையும் வெளியில் விட்டான்.

பக்கத்துப் படுக்கைக்காரர் குணசீலன், சுரங்கத்தில் பம்பு பார்ப்பவர், கேட்டு வாயைப் பிளந்தார். “இத்தனை நாளா நீயேவா பேசிட்டிருந்த? நான் வந்த மறுவாரமே வுட்டுட்டன் மாப்ளே. இப்பத்தான் என்ற பொண்டாட்டி, நீங்க ரொம்ப மாறிட்டீங்கன்னு சந்தோசமா இருக்கறா.”

அவளுடைய பதில் மடல்களையும் ஆதன் பார்க்கவில்லை. அதற்கும் ஓர் ஆள் இருந்தார். பார்த்துவிட்டு மூன்று வரியில் சாரம் எழுதி அனுப்புவார். “நலம். மருந்து ஒத்துக்கொள்கிறது. எப்போது வருவீர்கள் என்று கேட்டார்.” ஆதன் அதைப் படித்துவிட்டு அடைப்பு எடுக்கப் போவான்.

சொல்லாளுக்கு அவன் ஒரே ஒரு நிபந்தனைதான் விதித்திருந்தான். ‘வருகிறேன்’ என்ற சொல் மடலில் வரக் கூடாது. அதைச் சொன்னால் போக வேண்டியிருக்கும். கப்பல் ஏறினால் ஒப்பந்தம் போய்விடும். ஒரே ஒருமுறை அந்தச் சொல் வந்தது. உருவுறை பேச மறுத்து, அவன் கைக்கே அதைத் திருப்பி அனுப்பியது. “அடுத்த கப்பல்ல வர்றேன், முகை” என்று இருந்தது. ஆதனுக்குக் கோபம் வந்தது. அந்த வரியை அடித்துவிட்டு, “இன்னொரு முறை இப்படி எழுதினால் ஆளை மாற்றிவிடுவேன்” என்று எழுதினான். அதற்குப் பிறகு சொல்லாள் அந்தத் தப்பைச் செய்யவில்லை.

அதற்குப் பிறகு நறுமுகையும் எப்போது வருவீர்கள் என்று கேட்கவில்லை. சாரத்திலிருந்து அந்த வரி காணாமல் போயிற்று. அவள் புரிந்துகொண்டாள் என்று நினைத்தான். நிம்மதியாக இருந்தது.

ஒரு காலையில் அவளுடைய அண்ணன் கூப்பிட்டு, அவள் போய்விட்டாள் என்று சொன்னார். மூன்று விநாடிக்குள் ஆதன் என்ன பதில் சொன்னான் என்பது அவனுக்கு நினைவில்லை. அன்று மாலை சாரம் வழக்கம்போல வந்தது. “இன்று பதில் மடல் இல்லை. ஓய்வெடுக்கிறார் போலும்.”

உடம்பைக் குளிர்ப்பெட்டியில் வைத்துக்கொண்டு அவனுக்காகக் காத்திருந்தார்கள். கப்பலில் செய்ய ஒன்றுமில்லை. சன்னலுக்கு வெளியே பூமி மெல்ல மெல்லப் பெரிதாகிக்கொண்டிருந்தது. அழுகை வரவில்லை. வரும் என்று எதிர்பார்த்தும் வரவில்லை. அப்போதுதான் முதல்முறையாக, தான் மனைவியிடம் என்ன பேசியிருக்கிறோம் என்று பார்க்கலாமே என்று தோன்றியது.

அனுப்பிய மடல்கள் எல்லாம் இருந்தன, கூலி கொடுத்த வேலை என்பதால். வந்த மடல்களில் கடைசி மாதத்தவை மட்டுமே இருந்தன. திறக்காத மடலை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருப்பதில்லை என்பது விதி.

திரையில் அவன் முகமே வந்து பேசியது. நன்றாகப் பேசியது. அவனைவிட நன்றாக. முதலில் தொழில்காரனின் கண்ணோடுதான் பார்த்தான், தையல் எங்கே பிரிகிறது என்று தேடுபவனைப் போல. எங்கும் பிரியவில்லை. ஐந்தாறு மடல்களுக்குப் பிறகு தையலைத் தேடுவதை நிறுத்தினான்.

பல்லடம் சாலை மழையை அவன் எவரிடமும் சொன்னதில்லை. அன்று அவள் அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டே நின்றாள் என்பது, திரையில் தன் வாய் சொன்ன பிறகுதான் அவனுக்கே ஞாபகம் வந்தது. முகை என்று அவன் கூப்பிடுவதும், இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு அவள் இடது மணிக்கட்டில் இருப்பதும் சொல்லாளுக்கு எப்படித் தெரியும்? சொல்லாட்களுக்குப் பதில் மடல்கள் காட்டப்படுவதில்லை. பெயர், படம், முகவரி எதுவும் காட்டப்படுவதில்லை. ‘கணவர் நிலவில். மனைவி திருப்பூரில், சிகிச்சையில். கொங்குப் பேச்சு.’ அதோடு அவனுடைய நிபந்தனை. அவ்வளவுதான் குறிப்பு.

பிறகு அந்த மடல் வந்தது. “தூங்கறப்ப உன்ற வலது கால் மட்டும் போர்வைக்கு வெளியில கெடக்கும் முகை. இழுத்துப் போத்திவிட்டாலும் திரும்ப வெளியில வந்துரும்” என்றது அவனுடைய முகம், அவனுக்கு வராத ஒரு புன்னகையோடு.

ஆதன் மடலை நிறுத்தினான். அது அவனுக்குத் தெரியாது. கல்யாணமாகி அவளோடு மூன்று வருடம் ஒரே படுக்கையில் தூங்கியிருக்கிறான். அவனுக்குத் தெரியாது.

தெரிந்தவன் எவனோ இருந்தான்.

அவளுடைய பதில்களைத் திறந்தான். மெலிந்த முகம், தலையில் துண்டு. ஆனால் கண்ணில் ஒரு கள்ளத்தனம். “இன்னைக்கு நல்லாப் பேசுனீங்க மாமா. உங்களுக்கு மட்டும் எப்படித்தான் என்ற மனசு அப்படியே தெரியுதோ” என்று சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். இன்னொன்றில், “நாளைக்கு என்ன சொல்லப்போறீங்கன்னு எனக்கு இப்பவே தெரியுமே” என்று சொல்லி, சிரித்து, இருமினாள்.

அவனிடம் அவள் இப்படிச் சிரித்ததே இல்லை. இது அவனுக்கான சிரிப்பல்ல. தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு, அதற்குப் பின்னால் இருப்பவனிடம் சிரிக்கிறாள். தன் வாயையே வாடகைக்கு எடுத்து எவனோ தன் மனைவியோடு குடித்தனம் நடத்தியிருக்கிறான். வாடகை கொடுத்ததும் ஆதன்தான்.

இறுதிச் சடங்கில் எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். எவன் அழுகிறான்? சுவரோரமாகத் தாடி வைத்த ஒரு இளைஞன் நின்று, தோள் குலுங்க அழுதான். உறவுக்காரன் அல்ல. ஆதன் அந்த முகத்தை மனதில் வைத்துக்கொண்டான். இரங்கல் செய்திகள் நூற்றுக்கணக்கில் வந்தன. எல்லாம் நன்றாக எழுதப்பட்டிருந்தன. அவற்றுக்கு நன்றி சொல்லும் வேலையையும் அவன் வெளியில்தான் விட்டிருந்தான்.

எல்லோரும் போன பிறகு நொய்யல் வளாகத்து வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தான். ஆறு மணிக்கு அலமாரி மேலிருந்த அவளுடைய போன் ஒலித்தது. திரையில் அவனே வந்தான். “முகை, சாப்ட்டியா? இன்னைக்கு வெயில் ஜாஸ்தி. தண்ணி நெறையாக் குடி.” அவ்வளவுதான். முகம் ஒரு கணம் திகைத்தாற்போல நின்று அணைந்தது.

ஒப்பந்தத்தை நிறுத்த யாரும் சொல்லவில்லை. சொல்லாளும் நிறுத்தவில்லை. ஆனால் பேச்சில் பழைய உயிர் இல்லை. ஆதனுக்கு அது இன்னும் ஒரு அத்தாட்சியாகப் பட்டது. எழுதியவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் செத்துப்போனது தெரிந்திருக்கிறது. அதனால்தான் அவனால் எழுத முடியவில்லை.

மறுநாள் சென்னையில் இருந்த சொல்லகம் நிறுவனத்தைக் கூப்பிட்டான். ஆதனின் ஆர்டரை எடுத்திருந்தவன் ரித்திக் என்பவன். குரலிலேயே கழுத்துப்பட்டை கட்டியிருந்தான்.

“குவாலிட்டி இஷ்யூவா சார்? கடைசி பத்து மடல் நாங்களே ரீவொர்க் பண்ணித் தர்றோம் சார்.”

“எழுதினது யாரு? அது மட்டும் சொல்லு.”

“அது பாலிசி சார். சொல்லக் கூடாது. உங்க பிரைவசிதான் எங்களுக்கு முக்கியம்.”

“என் பொண்டாட்டி எப்படித் தூங்குவான்னு உன் ஆள் எழுதியிருக்கான். இதுல எது என் பிரைவசி?”

ரித்திக் கழுத்துப்பட்டையைக் கழற்றிய குரலில் சொன்னான். “சார், நெஜமா எனக்கே தெரியாது சார். நாங்க எங்க எழுதுறோம்? மதுரையில ஒரு அம்மாகிட்ட கொடுக்குறோம். பஞ்சவர்ணம்னு. எங்களுக்கு சரக்கு டயத்துக்கு வந்தா போதும் சார்.”

இந்த வாக்கியத்தை ஆதன் தன் வாழ்நாளில் ஆயிரம் முறை சொல்லியிருந்தான்.

பஞ்சவர்ணம் போனை எடுத்தபோது பின்னால் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தாமலே பேசினாள்.

“கொங்குப் பேச்சு ஆர்டரா? அது நான் எழுதலப்பா. ரெண்டு மடல் எழுதிப் பாத்தேன். வரிக்கு வரி ‘ஏனுங்’னு போட்டு அனுப்புனா, நக்கல் பண்றாப்ல இருக்குன்னு திருப்பி அனுப்பிட்டாய்ங்க. இது நமக்கு ஒத்து வராதுன்னு உங்க ஊருலயே தள்ளிவிட்டுட்டேன். ஏன், எதுவும் தப்பாப் போச்சா?”

“தப்பில்ல. ரொம்ப நல்லா எழுதியிருந்தாங்க.”

“அப்புறம் என்னத்துக்குப்பா தேடுற? நல்லா இருந்தா அஞ்சு நட்சத்திரத்தைப் போட்டுட்டு அந்தாக்குல போவியா.”

அவன் விடவில்லை. என்ன காரணம் சொன்னான் என்பதைவிட எந்தக் குரலில் சொன்னான் என்பது அவளைத் தொட்டிருக்க வேண்டும். மிக்ஸி நின்றது. முகவரியைச் சொன்னாள்.

“எழுதிக்கிட்டியா? நொய்யல் வளாகம், ரெண்டாவது கட்டடம், மூணாவது மாடி. ஆளு பேரு எனக்கே தெரியாது, வாடகைப் பத்திரம் பிகாஷ்னு ஒரு பையன் பேர்ல இருக்கு.”

ஆதன் எழுதிக்கொள்ளவில்லை. அவன் உட்கார்ந்திருந்தது நொய்யல் வளாகம், இரண்டாவது கட்டடம், நான்காவது மாடியில். கீழே குனிந்து தரையைப் பார்த்தான்.

படியில் இறங்கினான். நோயாளியாக அவள் தனியே கிடந்த வீட்டுக்குக் கீழ்வீடு. மின்தூக்கியில் ஒரு மாடி. என்ன கேட்பது என்று தெரியவில்லை. அடிக்க வேண்டும் என்று மட்டும் தெரிந்தது. அழைப்பு மணியை அழுத்தினான்.

கதவைத் திறந்தவன் அந்தத் தாடிக்காரன்.

“அண்ணா! வாங்ண்ணா, வாங்” என்றவன், உள்ளே திரும்பி, “மமதா, நறுமுகையக்கா வூட்டுக்கார அண்ணன் வந்திருக்கறாரு” என்று குரல் கொடுத்தான்.

ஆதன் அவன் சட்டையைப் பிடித்துவிட்டான். “நீதானா? எத்தனை நாளாடா?”

“என்னுங்ண்ணா?”

“மடல் எழுதினது நீதானே? எம் மொகத்தை வெச்சு எம் பொண்டாட்டிகிட்ட பேசினது?”

பிகாஷ் திகைத்து, பிடித்த கையைப் பார்த்தான், விலக்கவில்லை. “நான் ஆட்டோ ஓட்டறனுங்ண்ணா. அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் வந்ததெல்லாம் நான்தான். எழுதறதுக்கும் எனக்கும் ஆகாதுங். பள்ளிக்கூடத்துல லீவு லெட்டரே இவதான் எழுதிக் குடுப்பா.”

அவனுக்குப் பின்னால் மமதா வந்து நின்றாள். கையில் அரிசி களைந்த ஈரம். அவள் தாத்தா ஒடிசாவிலிருந்து பனியன் கம்பெனிக்கு வந்தவர். மூன்றாம் தலைமுறையில் அவள் பேச்சில் கொங்குநாடே இருந்தது. அவள் ஆதனின் முகத்தையும் கணவனின் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அவரை வுடுங்ண்ணா. அந்த ஆர்டர் என்ற பேர்லதான் வருது. உள்ள வந்து உக்காருங்.”

உட்கார்ந்தான். அவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். ஒரு காலத்தில் இந்தக் கட்டடத்துப் பெண்கள் எல்லாரும் வீட்டிலிருந்தே பனியனுக்குப் பிசிறு வெட்டியவர்கள். இப்போது சொல் வேலை. மமதா வாங்கி வீடு வீடாகப் பிரித்துக் கொடுப்பாள்.

“அப்ப நீதான் எழுதினியா?”

“இல்லீங்ண்ணா. இந்த ஒரு வாரமாத்தான் நான் எழுதறன். எனக்கு அவ்வளவாக் கை வராதுங். ஆர்டர் நிக்கலை, வுடறதுக்கும் மனசு வரலை.” தயங்கினாள். “முன்னால எழுதுனது அக்காதான்.”

“எந்த அக்கா?”

மமதா கூரையை நிமிர்ந்து பார்த்தாள். கூரைக்கு மேல் இருந்தது அவன் வீடு.

“ஆஸ்பத்திரியில மருந்து ஏத்திக்கிட்டு வந்தா நாலு நாளைக்கு எந்திரிக்க மாட்டாங்க. சும்மா கெடந்தா கண்டதையும் நெனைக்கத் தோணுது, எனக்கும் ஏதாச்சும் வேலை குடு மமதான்னாங்க. நான் இந்த ஆர்டரைத்தான் குடுத்தனுங். யாரு வூட்டு ஆர்டர்னு எனக்கென்ன தெரியும்? இந்த ஊர்ல பாதி ஆம்பளைங்க நெலாவுலதான் இருக்கறாங்க. பொண்டாட்டிக்கு ஒடம்பு சரியில்லை, புருஷன் என்ன பேசுனா நல்லா இருக்கும்னு எழுதுங்கக்கான்னேன். அதெல்லாம் எனக்கு நல்லாத் தெரியும்டின்னு சிரிச்சாங்க. காலையில எழுதுனாங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு உங்க மடல் வந்துச்சு.”

ஆதனும் கூரையை நிமிர்ந்து பார்த்தான்.

“அந்தக் கால்...” என்றான் ஆதன். “போர்வைக்கு வெளியில...”

“தெனமும் சொல்லுவாங்களே. காலையில எந்திரிச்சா வலது கால் மட்டும் சில்லுனு கெடக்கும், போத்திவுட ஆளில்லைன்னு.”

ஆதன் தண்ணீரைக் குடித்தான். கோபம் போக வழி தெரியாமல் வேறு பக்கம் திரும்பியது. “தெரிஞ்சப்புறம் எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? ரெண்டு பேரும் சேர்ந்து என்னை வெச்சு நாடகம் ஆடியிருக்கீங்க.”

“சொன்னாங்களேண்ணா.” மமதாவின் குரலில் முதல்முறையாக ஒரு கடுமை வந்தது. “அன்னைக்கே சொன்னாங்க. நான் பக்கத்துலயே இருந்தன். ‘மாமா, நீங்க பேசுனது பூராவும் காலையில நான் எழுதுனதுங், மாட்டிக்கிட்டீங்களா?’ன்னு சிரிச்சுக்கிட்டே பதில் மடல்ல சொன்னாங்க. நீங்க கூப்புடுவீங்க, நல்லாத் திட்டோணும்னு போனைக் கையிலயே வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. நீங்க கூப்புடவே இல்ல. மறுநாளைக்கு எழுதச் சொல்லி ஆர்டர்தான் வந்துச்சு.”

அந்த மடல் அழிந்துபோய் வெகுநாள் ஆகியிருந்தது. அன்றைய சாரம் மட்டும் ஆதனுக்கு ஞாபகம் வந்தது. அதைப் படித்துவிட்டு, பரவாயில்லை, தெம்பாக இருக்கிறாள் என்று நினைத்ததும் ஞாபகம் வந்தது. “நலம். இன்று வேடிக்கையாகப் பேசினார்.”

“வேண்டாங்க்கா, வேற ஆர்டர் தர்றன்னு சொன்னன். கேக்கலை. ‘எனக்குப் புடிச்சாப்ல பேசற புருஷன் வேற எங்கடி கெடைப்பான்’னுட்டாங்க. கடைசியில வெரலு மரத்துப்போச்சு. அப்பறம் சொல்லச் சொல்ல நான் பதிஞ்சு அனுப்புனன். அந்தக் குரலெல்லாம் எங்கிட்ட இருக்குதுங். கேக்கறீங்களா?”

அவன் தலையசைத்தானா என்பது அவனுக்கே தெரியவில்லை. மமதா தன் போனில் எதையோ தேடி அழுத்தினாள்.

நறுமுகை பேசினாள். ஆண்குரலில் பேசுவது போலக் கொஞ்சம் அழுத்தி, ஆதனைப் போல வாக்கிய நடுவே இழுத்து நிறுத்தி. “முகை... நான் யோசிச்சுப் பாத்தேன். கம்பெனி கெடக்குது. அடுத்த கப்பல்ல வர்றேன், முகை.” பிறகு அவளுடைய சொந்தக் குரல், குறும்பாக, மூச்சு வாங்க. “எழுதக் கூடாதுன்னு போட்டிருக்கறாங்களே, அதையே அனுப்பு மமதா. என்ன ஆகுதுன்னு பாக்கலாம்.”

மமதா போனை அணைத்தாள். என்ன ஆயிற்று என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த வரியை அடித்த கை அவள் எதிரில் தண்ணீர்க் குவளையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“அன்னைக்கு அது திரும்பி வந்ததும் அக்கா போனைக் கவுத்து வெச்சுட்டாங்க” என்றாள். “அப்பறம், ‘சொல்றதைச் செய்யலேன்னா ஆளை மாத்திருவாங்களாம்டி’ன்னு சொல்லிட்டு, அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துட்டுத் திரும்பச் சொன்னாங்க. அதுல இருந்துதான் எப்ப வருவீங்கன்னு கேக்கறதை வுட்டுட்டாங்க.”

ஆதன் யாரை அடிக்க இறங்கி வந்தானோ, அவன் இல்லை. அவள் காதலித்த ஆள் ஒருவன் இருந்தான். அவனுக்கு ஆதனின் முகம் இருந்தது, குரல் இருந்தது. மீதியை அவள் எழுதினாள். ஆதன் செய்தது பெயர்ச் சீட்டு ஒட்டியது மட்டும்தான்.

சுவர்க் கடிகாரம் ஆறை நெருங்கிக்கொண்டிருந்தது. பிகாஷ் அதைப் பார்த்துவிட்டு மெதுவாக, “இன்னைக்கு மடலை நிறுத்திரலாமுங்களாண்ணா?” என்றான்.

“வேண்டாம்” என்றான் ஆதன். “இன்னைக்கு நான் பேசறேன். உருவுறை வேண்டாம். நானே.”

மமதாவின் முகம் மலர்ந்தது. ஓடிப்போய்ப் போனைச் சுவரில் சாய்த்து வைத்தாள். ஒரு நாற்காலியை எதிரில் இழுத்துப் போட்டாள். அவன் தலையைக் கையாலேயே வாரிக்கொண்டு உட்கார்ந்தான். சிவப்புப் புள்ளி எரிந்தது. திரையில் அவன் முகம் வந்தது.

“முகை” என்றான்.

முகம் காத்திருந்தது. அவனும் காத்திருந்தான். மன்னித்துவிடு என்று தொடங்கலாமா? அது மிகச் சின்னதாக இருந்தது. மழையைச் சொல்லலாமா? அதை ஏற்கெனவே பேசியாகிவிட்டது, அவளே எழுதி. வலது காலைச் சொல்லலாமா? அதுவும் அவளுடையது. தனக்குச் சொந்தமாக ஒரு வரி உள்ளே எங்காவது கிடக்கிறதா என்று தேடினான். “முகை, நான்...” என்றான் மறுபடியும். சாப்பிட்டாயா என்றுதான் வாயில் வந்தது.

சிவப்புப் புள்ளியை அணைத்தான். மீண்டும் போட்டான். மீண்டும் அணைத்தான்.

பிகாஷ் சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். மமதா கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுக்குப் பாவமாக இருந்தது. கை ஈரத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு அருகில் வந்தாள்.

“எழுதித் தரட்டுங்களாண்ணா?”

ஆதன் கடிகாரத்தைப் பார்த்தான்.

“எவ்வளவு நேரம் ஆகும்?” என்று கேட்டான்.